கென்யாவைப் பார்க்கச் சொல்கிறார்கள், பார்ப்போம்

சப்ரகமுவத் தோட்டங்களின் கமிட்டித் தலைவர்மாருக்கும் மாதர் தலைவிமாருக்கும்,

சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் கம்பனிக்காரர்கள் எடுத்துவிடும் பெயர் கென்யா. அங்கே ஒரு ஆள் நம் ஆட்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் கொழுந்து எடுக்கிறார், உற்பத்திச் செலவு குறைவு, அதனால்தான் அந்த நாடு நம்மைத் தாண்டிப் போய்விட்டது என்று சொல்லி முடிப்பார்கள். அந்த இடத்தில் நம் தரப்பு பெரும்பாலும் வாயடைத்துப் போகிறது. அந்த நாடு வேறு, இந்த நாடு வேறு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம். கென்யாவின் கதையை முழுதாகத் தெரிந்துகொண்டால் அந்தப் பெயரை அவர்களுக்கு முன்னால் நாமே எடுக்கலாம். இந்த மடலை எழுதுவது அதற்காகத்தான்.

வளர்ச்சி உண்மையானது. அதை மறுக்கத் தேவையில்லை. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை போட்டது 1867இல். கென்யாவின் லிமுருவில் முதல் செடியை வைத்தது 1903இல். கெரிச்சோ மலைகளில் பெரிய கம்பனிகள் இறங்கியது 1920களில்தான். கென்யா விடுதலை பெற்ற 1963இல் அந்த நாட்டின் முழு விளைச்சல் ஏறத்தாழ 18 மில்லியன் கிலோ. நம்முடையது அப்போதே 220 மில்லியன் கிலோ அளவில் இருந்தது. இன்றைக்கு நிலைமை தலைகீழ். நாம் 2013இல் 340 மில்லியன் கிலோவைத் தொட்டோம். பிறகு இறங்குமுகம். 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென்று நிறுத்தியதில் விழுந்த அடியோடு 2022இல் 251 மில்லியனுக்கு வந்து சேர்ந்தோம். 2023இலும் 256 மில்லியன்தான். அதே 2023இல் கென்யா எடுத்தது சுமார் 570 மில்லியன் கிலோ. கறுப்புத் தேயிலை ஏற்றுமதியில் உலகத்தில் முதல் இடம் அவர்களுக்கு.

இந்த வளர்ச்சியில் பெரும் பங்கு யாருடைய மலையிலிருந்து வந்தது என்பதைக் கம்பனிக்காரர்கள் சொல்வதில்லை.

பிரித்தானியர் காலத்தில் கென்ய விவசாயி தன் சொந்தக் காணியில் தேயிலை வைக்க முடியாது. வெள்ளைக்காரன் தோட்டத்தில் கூலிக்குப் போகலாம், அவ்வளவுதான். கறுப்பர் கையில் விட்டால் தரம் கெட்டுவிடும் என்று காரணம் சொன்னார்கள். 1952இல் கிகுயு மக்கள் நிலத்துக்காகக் கிளர்ந்தெழுந்தார்கள். மவுமவு போராட்டம் என்று உலகம் அறிந்தது அதைத்தான். ஆயிரக்கணக்கானோரைக் கொன்றும் முகாம்களில் அடைத்தும் அரசு அதை ஒடுக்கியது. ஆனால் நிலம் கேட்கும் மக்களை முகாம்களைக் கொண்டே ஆண்டுவிட முடியாது என்று ஆட்சிக்குப் புரிந்தது. 1954இல் வந்த சுவின்னர்ட்டன் திட்டம் ஆப்பிரிக்கக் குடும்பங்களுக்குக் காணி உரித்தைக் கொடுத்து, அதுவரை தடுத்து வைத்திருந்த பணப்பயிர்களையும் திறந்துவிட்டது. 1957இல் நையேரி பக்கம் ராகாட்டியில் சிறு விவசாயிகளின் கொழுந்துக்கென்றே ஒரு தொழிற்சாலை எழும்பியது. விடுதலைக்குப் பிறகு 1964இல் கென்யத் தேயிலை அபிவிருத்தி அதிகாரசபை வந்தது.

அந்தச் சபை என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நமக்கு வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது. உலக வங்கியிடமும் பொதுநலவாய அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்திடமும் கடன் வாங்கி, தவறணை போட்டு, கன்றுகளை விவசாயிகளுக்குக் கடனாகக் கொடுத்தது. உரமும் கடன்தான், கொழுந்துக் காசில் பிறகு கழித்துக்கொள்வார்கள். கொழுந்து வாடுவதற்குள் தொழிற்சாலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் ஊருக்கு ஊர் பாதை வெட்டினார்கள். நடந்து போகும் தூரத்தில் ஒரு நிறுவை மடுவம் வைத்தார்கள். இரண்டு இலையும் ஒரு மொட்டும் தவிர வேறு எதையும் எடுக்க மாட்டோம் என்று கண்டிப்பாக நின்றார்கள். ஆப்பிரிக்கர் கையில் தரம் கெட்டுவிடும் என்றவர்களுக்கு அதுதான் பதிலாக இருந்தது. அந்தந்தப் பகுதி விவசாயிகளே தங்களுக்குள் கமிட்டி தெரிவு செய்து மேல்மட்டத்துக்கு ஆள் அனுப்பினார்கள்.

விவசாயிக்குக் காசு இரண்டு தவணையாக வரும். கொடுத்த கொழுந்துக்கு மாதாமாதம் ஒரு தொகை. வருடக் கணக்கு முடிந்து தூள் என்ன விலைக்குப் போனது என்று தெரிந்த பிறகு இன்னொரு பெரிய தொகை. அதைப் போனஸ் என்பார்கள். பிள்ளையின் பள்ளிக் கட்டணம், வீட்டுக்குத் தகரம், ஒரு பசுமாடு எல்லாம் அந்தக் காசில்தான். தொழிற்சாலைகள் படிப்படியாகக் கொழுந்து போடுகிறவர்களே பங்குதாரர்களாக இருக்கும் கம்பனிகளாயின. 2000ஆம் ஆண்டில் அதிகாரசபையே அந்தத் தொழிற்சாலைக் கம்பனிகளுக்குச் சொந்தமான நிறுவனமாக மாறியது. இன்று ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட சிறு விவசாயிகள் அதில் இருக்கிறார்கள். பலரிடம் ஒரு ஏக்கர் தேயிலைகூட இல்லை. ஆனாலும் நாட்டின் தேயிலையில் பாதிக்கு மேல் அவர்களுடையது.

கம்பனிக்காரர்கள் ஒப்பிட்டுப் பேசும் தோட்டங்கள் இவை அல்ல. அவர்கள் சொல்வது கெரிச்சோவின் பெரிய தோட்டங்களை. அங்கே நிலநடுக்கோட்டு வெயிலும் மழையும் வருடம் முழுக்கச் சீராக இருக்கிறது, மலைகளில் பெரும்பாலும் நம்முடையதைவிட இளம் செடி நிற்கிறது. நம் பக்கத்தில் பல தோட்டங்களில் பாட்டனார் காலத்து விதைத் தேயிலை இன்னும் நிற்கிறது. வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்காவது மறுநடுகை செய்ய வேண்டும் என்பது எல்லாத் துரைமாருக்கும் தெரிந்த கணக்கு. அது நடக்கவில்லை. கிழட்டு மலையில் உரமும் போடாமல், புல்லும் வெட்டாமல், கவ்வாத்தும் தள்ளிப்போட்டு, அங்கே நிற்கிற பெண்ணிடம் கென்யாக்காரி எடுக்கும் கிலோவைக் கேட்பது நியாயமில்லை. அடுத்த முறை அந்தப் பேச்சு வந்தால் உங்கள் தோட்டத்தில் எத்தனை ஏக்கர் வீபி என்ற தண்டுக் கன்றுத் தேயிலை, எத்தனை ஏக்கர் விதைத் தேயிலை, கடைசியாக மறுநடுகை செய்தது எந்த வருடம், எந்த நம்பர் மலை என்று எழுத்தில் கேளுங்கள். விலையையும் கேளுங்கள். மொம்பாசா ஏலத்தில் தூள் போகும் விலையைவிடக் கொழும்பு ஏலத்தில் நம் தூள் போகும் விலை எவ்வளவோ மேல். நம் இரத்தினபுரித் தாழ்நிலத் தேயிலையை ஈராக்கும் துருக்கியும் தேடி வாங்குகின்றன.

கெரிச்சோவின் மறுபக்கமும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த மலைகள் கிப்சிகிஸ் மக்களிடமிருந்து பறித்த நிலம். அதற்கு நீதி கேட்டு அவர்கள் இன்னும் அலைகிறார்கள். தோட்டத்துக்குள் இருக்கிறவர்கள் கம்பனி வீட்டில் இருந்து கம்பனிக் கூலி வாங்குகிறவர்கள். கொழுந்து வெட்டும் இயந்திரங்கள் வந்து வேலையைத் தின்றபோது, 2023 மே மாதத்தில் சனங்கள் அந்த இயந்திரங்களைக் கொளுத்தினார்கள். உயிரும் போனது. அதே வருடம் பெப்ரவரியில் கெரிச்சோத் தோட்டங்களில் மேற்பார்வையாளர்கள் பெண்களிடம் நடந்துகொண்ட விதத்தைப் பிபிசி வெளியே கொண்டுவந்தது. ஆக, ஒரே நாட்டில், ஒரே பயிரில் இரண்டு கதை. செடி யாருடையது என்பதில்தான் அந்த இரண்டும் பிரிகின்றன.

இதில் நம் நாட்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. கெரிச்சோவில் ஜேம்ஸ் பின்லே வைத்திருந்த தோட்டங்களை 2023இல் வாங்க ஒப்பந்தம் செய்தது இலங்கையின் பிரவுன்ஸ் கம்பனி. 2024இல் லிப்டன் நிறுவனம் கென்யா, ருவாண்டா, தன்சானியாத் தோட்டங்களை விற்க ஒப்புக்கொண்டதும் அவர்களுக்கே. நம் இரத்தினபுரியின் ஹப்புகஸ்தன்னை பெருந்தோட்டக் கம்பனியும் அந்தக் குழுமத்துடையதுதான். பின்லே தோட்டங்களின் அந்த விற்பனையில் 15 சதவீதப் பங்கை உள்ளூர் மக்களின் கூட்டுறவுக்கு விடுவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். கெரிச்சோவில் பேசக்கூடிய விடயமென்றால் இரத்தினபுரியிலும் பேசலாம்.

கென்யாவைச் சொர்க்கம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு ஆளுக்கு வரும் சராசரி வருமானத்தில் நம் நாடு இன்னும் அவர்களைவிட மேலே இருக்கிறது. 2024 ஜூனில் வரிச் சட்டத்துக்கு எதிராக நைரோபியில் இளைஞர்கள் பாராளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தார்கள். 2022இல் நம் காலிமுகத்திடலைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். தேயிலைச் சபைக்குள்ளும் சண்டை உண்டு. மேற்குப் பகுதி விவசாயிக்குக் கிடைக்கும் போனஸ் கிழக்குப் பகுதியைவிடக் குறைவு என்று வருடா வருடம் முறைப்பாடு. நிர்வாகத்தில் ஊழல் என்று குரல் எழுந்து 2020இல் புதிய தேயிலைச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. பெண் கொழுந்து எடுக்கிறாள், காணி புருஷன் பேரில், போனஸ் அவன் கணக்கில் என்ற குறையும் பழையது. இந்தக் கடைசிக் குறையை மாதர் தலைவிமார் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அதற்கு வருகிறேன்.

கென்யாவில் நடந்தது நம் லயத்துப் படிக்கட்டில் நின்றாலே தெரியும் தூரத்திலும் நடந்திருக்கிறது. கலவானை, நிவித்திகலை, காவத்தை, இறக்குவானை எல்லாப் பக்கமும் நாற்பது ஐம்பது வருடங்களுக்கு முன்னால் மேட்டுக்காணியாகக் கிடந்த இடங்கள் இன்று தேயிலை. 1975இல் சட்டம் வந்து தேயிலைச் சிறுபற்றுநில அபிவிருத்தி அதிகாரசபை உருவானது. நடுகைக்கு மானியம், உரத்துக்கு உதவி, வீட்டுக்கு வந்து ஆலோசனை சொல்ல ஓர் உத்தியோகத்தர். கொழுந்து விலைக்கும் ஒரு கணக்கு உண்டு. தூள் விற்ற காசில் 68 பங்கு கொழுந்து கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு என்பது அதன் அடிப்படை. இன்று இலங்கைத் தேயிலையில் நாலில் மூன்று பங்கு சிறு உடைமையாளர்களிடமிருந்துதான் வருகிறது. நாம் உலகத்துக்குச் சொல்லிப் பெருமைப்படும் சிலோன் டீயில் பெருந்தோட்டக் கம்பனிகளின் பங்கு நாலில் ஒன்றுதான்.

இறக்குவானை பக்கம் தோட்ட எல்லையில் ஒரு சனிக்கிழமை பகல் நின்று பார்த்தால் நான் சொல்வது விளங்கும். பாதையோரம் ஒரு பலா மரம். கிளையில் கயிறு கட்டிக் கொக்கித் தராசு தொங்குகிறது. நாட்டுப்பக்கத்து மனிதர் ஒருவர், காணி ஒரு ஏக்கர் இருக்கும், நைலோன் வலைப் பைகளை வரிசையாக வைத்துவிட்டு லொறிக்குக் காத்திருக்கிறார். லொறி வந்ததும் பையைக் கொக்கியில் மாட்டுகிறார்கள். ஈரத்துக்கு என்று இரண்டு கிலோ கழிக்கப் பார்க்கிறான் லொறிக்காரப் பையன். மனிதர் விடவில்லை. இரண்டு நாளாக மழையே இல்லை என்று சண்டை போட்டு ஒரு கிலோவை மீட்டு, அட்டையில் எழுதியதைத் தன் கொப்பியிலும் எழுதிக்கொள்கிறார். அந்தப் பைகளை நிரப்பியவர்கள் கொஞ்சம் தள்ளி நிழலில் நிற்கிறார்கள். இரண்டு பேரும் தோட்டத்துப் பெண்கள். தோட்ட வேலை இல்லாத நாளில் கிலோக் கணக்குக்குக் கைக்காசுக்கு வந்தவர்கள். எடுத்த கை அவர்களுடையது. எந்தக் கொழுந்தை எடுப்பது, எதை விடுவது, எத்தனை நாளுக்கு ஒரு சுற்று என்பதெல்லாம் அந்த மனிதருக்கே அவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தராசுப் பக்கம் வர அவர்களுக்கு வேலையில்லை. தோட்டத்து மடுவத்தில் இரண்டு கிலோ வெட்டினால் இதே பெண்கள் கண்டக்டரிடம் வாதாடுவார்கள். ஆனால் அங்கே அவர்கள் காக்கப் பார்ப்பது அன்றைய பேர், அதாவது அந்த நாள் சம்பளம். இங்கே அந்த மனிதர் காத்துக்கொண்டது தன் கொழுந்தின் விலை.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர் உழைத்து முன்னேறியவர், நம் ஆட்களோடு நல்லபடியாகப் பழகுகிறவர். அவருக்கு அரசு கொடுத்ததை நமக்கும் கொடுத்திருக்க வேண்டும் என்பதுதான் என் வழக்கு. ஏன் கொடுக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியும். 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964இல் நம்மைக் கேளாமலே இந்தியப் பிரதமரும் நம் நாட்டுப் பிரதமரும் உட்கார்ந்து, ஐந்தே கால் லட்சம் பேர் அங்கே, மூன்று லட்சம் பேர் இங்கே என்று பங்கு பிரித்தார்கள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தம் வந்தபோது தோட்டங்கள் அரசுக்குப் போயின. துண்டாடிய நிலம் ஊர்க்காரர்களுக்குப் போனது. நம் சனங்களில் எத்தனையோ பேர் பட்டினியோடு தெருவுக்கு வந்தார்கள். டெவன் தோட்டத்தில் 1977 மே 11ஆம் திகதி சிவனு லெட்சுமணன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தது தோட்டக் காணி பறிபோவதைத் தடுக்கத்தான். 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கங்களில் லயங்கள் எரிந்ததை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்ணால் கண்டவர்கள். அன்றைக்கு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களின் கதை தனி.

அந்தப் பயம்தான் நம் கோரிக்கையைச் சம்பளத்தோடு நிறுத்திவைத்தது என்று நினைக்கிறேன். நாலு பக்கமும் சிங்களக் கிராமம், நடுவில் சிதறிக் கிடக்கும் தோட்டம். நுவரெலியாவைப் போல வாக்குப் பலமும் கிடையாது. காணி என்று வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று அடங்கி இருந்தோம். காலம் கொஞ்சம் மாறியிருக்கிறது. 2024 பொதுத் தேர்தலில் இரத்தினபுரி மாவட்டத்திலிருந்து சுந்தரலிங்கம் பிரதீப் பாராளுமன்றம் போனார், பெருந்தோட்டத்துறைப் பிரதி அமைச்சராகவும் ஆனார். நாட்டுப்பக்கத்துச் சிறு உடைமையாளர்களே இன்று ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். நம் பிள்ளைகள் சிங்களம் சரளமாகப் பேசுகிறார்கள். பேச வேண்டியதை இப்போது பேசலாம்.

சம்பளத்தைக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2021இல் ஆயிரம் ரூபா, 2024இல் 1,350, 2026 தொடக்கத்திலிருந்து 1,550உடன் வரவுக்கு அரசாங்கம் 200. ஒவ்வொரு ரூபாவையும் சண்டை போட்டுத்தான் வாங்கினோம். ஆனால் ஆயிரம் ரூபா வந்தபோதே கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறிவிட்டன. அன்றிலிருந்து கிலோவை ஏற்றுவதும் வேலை நாளைக் குறைப்பதும் அவர்கள் கையில். கேகாலைப் பக்கத்து றப்பர் தோட்டங்களில், எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிற்றயில் இருப்பவர்களுக்கு இன்னும் மோசம். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை, பால் வெட்டு இல்லாவிட்டால் பேர் இல்லை.

இதற்கிடையில் சில தோட்டங்களில் வேறொரு ஏற்பாடு வந்துகொண்டிருக்கிறது. குடும்பத்துக்கு ஆயிரம் இரண்டாயிரம் செடி பிரித்துக் கொடுத்து, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், கொழுந்தை எங்கள் ஸ்டோருக்கே போடுங்கள், கிலோவுக்கு இவ்வளவு தருகிறோம் என்பார்கள். இதுதான் கென்யா முறை என்றும் சொல்வார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதில் சேர்ந்தது. தோட்டத்தின் பெயர் வேண்டாம். முதல் மாதம் கையில் வந்த காசு கூடுதலாகத்தான் இருந்தது. பிறகு உரத்துக்குக் கழிவு, மருந்துக்குக் கழிவு, லொறிக்கும் கழிவு. வறட்சி மாதத்தில் கணக்குத் துண்டைப் பார்த்தால் மிஞ்சியது ஒன்றுமில்லை. நாள் சம்பளம் இல்லை என்பதால் சேமலாப நிதியும் நின்றுபோனது. முதலாளி பக்கம் 12 சதவீதம், அதோடு நம்பிக்கை நிதி 3 சதவீதம், இரண்டும் போயிற்று. விலையை யார் நிர்ணயித்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. அந்தச் செடிகளைக் காட்டி மானியம் கேட்கவும் முடியாது, காணி அவர்கள் பேரில் இல்லையே. நாளைக்குத் துரை மாறினால் அந்த மலையும் கைமாறும்.

கென்ய விவசாயிக்கு நிலம் சொந்தம். கொழுந்து விலை எப்படி வந்தது என்று கேட்கத் தன் கமிட்டி உண்டு. தொழிற்சாலையில் பங்கு உண்டு, வருட முடிவில் போனஸ் உண்டு. இவற்றில் ஒன்றுகூட இல்லாமல் நட்டத்தை மட்டும் குடும்பத்தின் தலையில் ஏற்றிவிட்டு அதற்குக் கென்யா என்று பெயர் வைக்கக் கூடாது. அதற்காக அந்த முறையே வேண்டாம் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடவும் வேண்டாம். சரியான நிபந்தனையோடு வந்தால் நாம் கூலியிலிருந்து வெளியே வரும் வழி அதற்குள் இருக்கிறது. 68:32 கணக்கு பக்கத்துக் கிராமத்துக்குப் பொருந்தும்போது நமக்கும் பொருந்த வேண்டும். ஒப்பந்தம் தமிழிலும் இருக்க வேண்டும். மலை பிரிக்கும்போது குடும்பத் தலைவரின் பேரோடு கொழுந்து எடுக்கும் பெண்ணின் பேரும் சேர வேண்டும். கென்யாப் பெண்கள் இத்தனை வருடம் பட்டதை நம் பெண்கள் முதலிலிருந்து படத் தேவையில்லை. சேமலாப நிதி விடயத்தில் மாற்று ஏற்பாடு எழுத்தில் வராமல் ஒரு குடும்பமும் கையெழுத்துப் போடக் கூடாது.

இன்னொரு திகதியையும் மனதில் வையுங்கள். இந்தக் காணிகள் கம்பனிகளுடையவை அல்ல. 1992இல் நிர்வாகத்தைக் கையில் எடுத்தவர்கள் அரசிடமிருந்து 53 வருடக் குத்தகைக்கு வைத்திருக்கிறார்கள். அது முடிவது 2045இல். தரிசாகக் காடு மண்டிக் கிடக்கும் மலைகள் உங்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு. அவற்றுக்கு 2045 வரை காத்திருக்கவும் தேவையில்லை. கம்பனி பயிரிடாத நிலத்தைக் குத்தகையிலிருந்து விடுவித்து, தோட்டக் குடும்பங்களுக்கு உறுதியோடு பிரித்து, சிறுபற்றுநில அதிகாரசபையின் பதிவுக்குள் கொண்டுவாருங்கள் என்று அரசிடம் இப்போதே கேட்கலாம். ஏழு பேர்ச்சஸ், பத்துப் பேர்ச்சஸ் வீட்டுக் காணிக்கு எடுத்த மூச்சில் பாதியைப் பயிர்க் காணிக்கும் எடுங்கள். வீட்டுக் காணியில் தலை சாய்க்கலாம். பிழைப்புக்குப் பயிர்க் காணி வேண்டும்.

எந்தச் சங்கத்துக் கார்ட் வைத்திருக்கிறீர்கள் என்பது இந்த விடயத்தில் வேண்டாம். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு முன்னால் உங்கள் தோட்டத்து இளைஞர்கள் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு மலை மலையாக நடந்து, எந்த நம்பர் மலை தரிசு, எது விதைத் தேயிலை, எது வீபி, எங்கே செடி கொடுத்திருக்கிறார்கள், யார் பேரில், கிலோவுக்கு என்ன விலை என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். பலாங்கொடை, பெல்மதுளை, இறக்குவானை, எட்டியாந்தோட்டை, தெரணியகலைத் தோட்டங்களின் கொப்பிகளை ஒன்றாக வைத்துக்கொண்டு பிரதி அமைச்சரையும் இரண்டு மாவட்டச் செயலாளர்களையும் போய்ப் பாருங்கள். கொப்பியை எழுதுவதற்கும் மனுவைச் சிங்களத்தில் போடுவதற்கும் ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன்.

இப்படிக்கு,
இறக்குவானை பக்கத்துத் தோட்டப் பிள்ளை ஒருவன்